இரண்டு தட்டு ஸ்டாண்டு

ஜனவரி 12

அன்புள்ள நெட்டைக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் நானும் உன் மாமாவும் சுகம், என் முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய்? போனை எடுத்தால் இதைக் கேட்கக் காகிதம் செலவாகாது. எத்தனை தரம் அடித்தாலும் ‘சிக்னல் சரியில்லை, கடிதம் போடு’ என்று ஒரு செய்தி மட்டும் வருகிறது. சரி, போடுகிறேன். பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

கீபோர்டு வைக்கிற நம் பழைய கத்தரி ஸ்டாண்டு போய்விட்டது. ஒரு பிறந்தநாள் விழாவில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் ஸ்டாண்டின் கால் வழுக்கி மடங்க, கீபோர்டு இறங்கி என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. நானும் விடாமல் மடியில் வைத்தே வாசித்து முடித்தேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இப்போது விஷயம். ஏரிக்கரை ஹோட்டல் மேனேஜர் பல் பிடுங்க வந்தார். வீங்கிய வாயோடு என்னை அடையாளம் கண்டுகொண்டு, “நீங்களும் உங்க தம்பியும் எதிரெதிரா இருந்து வாசிப்பீங்களே, அது இன்னும் கண்ணுல இருக்கு. மே கடைசியில புது ஹால் திறக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் வரணும். நல்லா போச்சுன்னா வாராவாரம் உங்களுக்குத்தான்” என்றார். வலியில் கூட அவருக்கு நாம் ஞாபகம் வந்திருக்கிறோம், பார்.

அதனால் புது ஸ்டாண்டு வாங்க வேண்டும். முன்போலவே கீழ்த் தட்டு கீபோர்டை நான் உட்கார்ந்து வாசிக்க, மேல் தட்டில் உன் கீபோர்டைத் திருப்பிப் போட்டு நீ அந்தப் பக்கம் நின்று வாசிக்க வேண்டும். எதை வாங்கலாம்? இந்த விஷயத்தில் நீதான் மூளை, நான் வெறும் கை. லீவுக்கும் இப்போதே சொல்லி வை.

உன் அக்கா

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சட்டை இறுக்கமாகிவிட்டது. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

கம்பெனியில் நாள் முழுக்கக் கண்ணாடிப் பாட்டில் ஓடுகிற வரிசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். நீ பார்த்ததில்லை. காலிப் பாட்டில்கள் ஒரு கதவு வழியாக வரும். வளைந்து போய், நிரம்பி, மூடி போட்டுக்கொண்டு அடுத்த கதவு வழியாகப் போய்விடும். வந்த புதிதில் எனக்கு அது பெரிய கச்சேரி. ஒவ்வொரு பாட்டிலும் நிரம்ப நிரம்ப சுரம் ஏறிக்கொண்டே போகும். இப்போதெல்லாம் அவை அமைதியாகிவிட்டன. தண்ணீருக்கு அடியில் யாரோ ஊர்வலம் போவது போல, பச்சை வெளிச்சத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு மெதுவாகப் போகின்றன. பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவது தெரிவதில்லை.

கத்தரி ஸ்டாண்டு இனி வேண்டாம். உட்கார்ந்து வாசித்தால் அதன் கால் முழங்காலில் இடிக்கும். உன் முழங்கால் பட்டதெல்லாம் போதும். நான்கு காலும் அகலமாக நிற்கிற மேசை ஸ்டாண்டு வாங்கு. ஒரு தட்டு போதும். இரண்டு தட்டு என்றால் கனம் கூடும். வண்டியில் ஏற்றி இறக்கி மாமா இடுப்பு போய்விடும்.

ஹோட்டல் மேனேஜர் நல்ல மனிதர் போலிருக்கிறது. பல் வலி குறைந்ததா?

நெட்டை

பிப்ரவரி 8

அன்புள்ள நெட்டைக்கு,

மேனேஜர் பல் போயே போய்விட்டது. அவரை விசாரித்த நீ, அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பாட்டிலைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதுகிறவனுக்கு, வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுத மை தீர்ந்துவிட்டதா?

மாமாவை இழுத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். மூன்று ஸ்டாண்டு காட்டினார் கடைக்காரர். ஒன்று அதே கத்தரி. அதைப் பார்த்ததும் என் மடி பதறியது. இன்னொன்று நீ சொன்ன மேசை. அதில் இரண்டாவது தட்டும் மாட்டலாம். மூன்றாவது தூண் ஸ்டாண்டு. ஒரே தூண், அதிலிருந்து இரண்டு கைகள் நீண்டு தட்டுகளைத் தாங்குகின்றன. பார்க்க ஒயிலாக இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அதை மனமில்லாமல்தான் காட்டினார்.

“ரெண்டு பேர் வாசிக்கிறதுன்னா ரெண்டு ஸ்டாண்டா வாங்கிடுங்களேன் மேடம். ஒரே ஸ்டாண்டுல எதுக்கு முட்டிக்கிறீங்க?” என்று கேட்டார்.

“அப்பத்தான் நான் கண்ணு காட்டினா அவனுக்குத் தெரியும்” என்றேன். மனிதருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவருக்குத் தம்பி இல்லையாம்.

நீ ஒன்று செய். நிமிர்ந்து நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து எழுது. மேல் தட்டை அந்த உயரத்துக்கு வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு நீ முதுகை வளைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். அளவை மறக்காதே.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே பனி இறங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு கூடத் தெரிவதில்லை. தெருவில் வருகிற வண்டி, பக்கத்தில் வந்த பிறகுதான் வண்டியாகிறது. எனக்கு இந்தப் பனி பிடித்திருக்கிறது. எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள், எதிரே வந்தால் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

நேற்று ஒரு கனவு. நீயும் நானும் ஏரிக்குள் உட்கார்ந்து வாசிக்கிறோம். கீபோர்டின் மேல் மீன்கள் போகின்றன. நீ ஏதோ சொல்கிறாய், வாயிலிருந்து குமிழ் வருகிறது. நான் தலையாட்டுகிறேன். விழித்த பிறகும் வெகு நேரம் சந்தோஷமாகப் படுத்திருந்தேன்.

மேசை ஸ்டாண்டு வாங்கும்போது மூலைகளில் இருக்கும் ரப்பர் பிடிப்பைப் பார். கைக்கு வழவழவென்று இருந்தால் வேண்டாம். பெடல் மிதிக்கிற கால் தாராளமாகப் போய்வர இடம் இருக்கிறதா பார். மடக்கினால் வண்டியின் பின் சீட்டில் அடங்குகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்துவிடு. அழகைப் பார்த்துத் தூண் ஸ்டாண்டில் விழுந்துவிடாதே. அது கொஞ்சம் ஆடும்.

உன் கை விரல்கள் எப்படி இருக்கின்றன? தினமும் வாசிக்கிறாயா?

நெட்டை

மார்ச் 10

தம்பிக்கு,

என் விரல்கள் நன்றாக இருக்கின்றன. தினமும் வாசிக்கிறேன். எதிரே சுவர் இருக்கிறது.

ரப்பர் பிடிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் முழங்கை அளவைக் காணோம். லீவைப் பற்றி மூச்சில்லை. நான் என்ன அசடா? வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று எழுது. இந்தச் சுற்றி வளைப்பெல்லாம் வேண்டாம்.

மேனேஜர் போன் செய்தார். “நீங்க மட்டும்னா யோசிக்கணும் மேடம். ஒத்தை ஆள் வாசிக்கிறதுக்கு நிறைய பேர் இருக்காங்க. உங்க ரெண்டு பேரோட விசேஷமே அந்த எதிரெதிரா வாசிக்கிறதுதானே” என்றார். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. உனக்கு அங்கே புது மனிதர்கள், புது ஊர். அக்காவோடு வாசிப்பதெல்லாம் சின்ன வயது விளையாட்டாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. வாரம் முழுக்க அடுத்தவர் பல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

வருவாயா, மாட்டாயா? ஒரு வரி போதும்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள நெட்டைக்கு,

அந்த ஒரு வரி வரவில்லை. போன கடிதம் காரமாகப் போய்விட்டதோ என்று தோன்றுகிறது. மாமாவும் “நீ எழுதினா எழுத்தே கை ஓங்குமே” என்கிறார். கோபத்தில் எழுதினேன், அனுப்பிய மறுநாளே மனசு கேட்கவில்லை.

நீ வராவிட்டால் போகிறது. நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது. கம்பெனிக்குப் போன் போட்டேன். உன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு யாரோ போனார்கள். திரும்பி வந்து, “அவர் போன்ல பேச மாட்டாருங்க, கடிதம் போடச் சொன்னார்” என்றார்கள். அது ஏன் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் மேல் அவ்வளவு கோபமா?

ஸ்டாண்டு வாங்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தாலே தூசி தட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

அக்கா

ஏப்ரல் 15

என் அக்காவுக்கு,

உன் மேல் கோபமா? எனக்குக் கோபிக்க உலகத்தில் வேறு ஆளா இல்லை? போனில் நீ பேசினால் எனக்குக் கேட்காது. அதனால்தான்.

சொல்லிவிடுகிறேன். வெகு நாள் முன்பு என் கீபோர்டின் மேல் சுரங்கள் வேலை செய்யவில்லை என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். அதில் புல்லாங்குழல் ஒலியை வைத்து அமுக்கினால் கட்டை தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. கடைக்காரர் வாசித்துப் பார்த்தார், தலையை ஆட்டி ரசித்தார், “நல்லாத்தானே இருக்கு” என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் விரல்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கம்பெனிக்கு டாக்டர் வந்தார். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க” என்று கையில் கொடுத்தார். நானும் எப்போது ஆரம்பிப்பார்கள் என்று பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கதவைத் திறந்து, “முடிஞ்சிடுச்சு, வாங்க” என்றார்.

அது மேல் சுரங்களுக்கான சோதனையாம். அடுத்து வைத்த கீழ்ச் சுரங்கள் மட்டும் எனக்குக் கேட்டன. மேலே உள்ளது போய்விட்டது. பாட்டில்களின் சத்தம் காதைத் தின்றுவிட்டது. காதில் அடைக்கப் பஞ்சு கொடுத்துத்தான் இருந்தார்கள். பாட்டில்கள் பாடுவது கேட்காதே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். வேறு எவனும் செய்யமாட்டான் இதை.

அக்கா, நான் வாசித்ததெல்லாம் மேல் சுரம். எனக்கு அது இல்லை என்றால் உன் எதிரே நின்று என்ன செய்வேன்? நீ நல்லதொரு ஆளைப் பார். ஒரு தட்டு ஸ்டாண்டு வாங்கு. முதலிலேயே அதைத்தான் சொன்னேன்.

அழாதே. வலி ஒன்றும் இல்லை. பனிக்குள் இருப்பது போலத்தான் இருக்கிறது.

நெட்டை

ஏப்ரல் 24

என் கண்ணுக்கு,

அழுதேன். ஆஸ்பத்திரிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு. யாரோ பல் வலி என்று நினைத்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு உன்னைத் திட்டினேன், வாய் வலிக்கிற வரை. உனக்குக் காது கேட்காவிட்டால் நீ எனக்குத் தம்பி இல்லாமல் போய்விடுவாயா? எதற்காக இத்தனை மாதம் தனியாக வைத்துக்கொண்டு தவித்தாய்?

இப்போது நான் செய்ததைக் கேள். மறுபடியும் கடைக்குப் போனேன். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் மூன்று ஸ்டாண்டிலும் கீபோர்டு ஏற்றச் சொல்லி, நான் கீழ்த் தட்டில் கை வைத்து உட்கார்ந்து, மாமாவை மேல் தட்டில் வாசிக்கச் சொன்னேன். மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் ‘நடக்கிற மாதிரி அடியுங்கள்’ என்றேன். இரண்டு விரலால் நடக்க ஆரம்பித்தார்.

“மேடம், கரண்டே போடலையே” என்றாராம் கடைக்காரர். மாமா பிறகு சொன்னார்.

மேசை ஸ்டாண்டு மலை மாதிரி நின்றது. என் கைக்கு ஒன்றும் வரவில்லை. கத்தரியில் எல்லாமே சேர்ந்து குலுங்கியது, தாளமா தடுமாற்றமா தெரியவில்லை. தூண் ஸ்டாண்டில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். மாமா மேலே ஒரு தட்டு தட்டினால் கீழே என் விரலடியில் ஒரு சின்ன அசைவு. மெதுவாகத் தட்டினால் மெதுவாக, அழுத்தினால் அழுத்தமாக. யாரோ தூரத்தில் நடந்து வருவது மாதிரி. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. கண்ணைத் திறந்தால் மாமா விரல் ஓய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சை எடுத்துவிட்டு, “இதைக் கொடுங்க” என்றேன்.

“ஆடுதுன்னு எல்லாருமே திருப்பிக் கொண்டாந்துடுறாங்க மேடம். இதைத் திருப்பி அனுப்பிடலாம்னு இருந்தேன்” என்றார் கடைக்காரர். நல்ல மனிதர், வந்த வியாபாரத்தையே தடுக்கிறார்.

வாங்கிவிட்டேன். இனி எனக்கு மேல் தட்டு, உனக்குக் கீழ்த் தட்டு. கீழ்ச் சுரங்கள் உனக்குக் கேட்கின்றன அல்லவா, அதை நீ வாசி. மேலே நான் பார்த்துக்கொள்கிறேன். குள்ளச்சி எப்படி நிற்பாள் என்று கேட்காதே. உயரச் செருப்பு வாங்கியாகிவிட்டது. மேனேஜரிடம் இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை.

வா.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

பயமாக இருக்கிறது. ஹால் நிறைய ஆள் இருப்பார்கள். நான் ஒரு இடத்தில் தவறிவிட்டால் எனக்கே தெரியாமல் போய்க்கொண்டிருப்பேன். உனக்குத் தலைகுனிவு. கடைக்குள் மாமாவின் இரண்டு விரல் வேறு, மேடை வேறு. இதையெல்லாம் எழுதி, வரவில்லை என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

இத்துடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். அளவு டேப் கிடைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கை வரை பிடித்துப் பல்லால் கடித்தேன். கீழ்த் தட்டை அந்த உயரத்துக்கு வை.

நெட்டை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பாதிக்கு மேல் எதிர் சீட்காரர் தின்றார். உங்கள் வீட்டில் இருந்தபோது எத்தனையோ சொல்ல நினைத்தேன். நீ பேசிக்கொண்டே இருந்தாய், நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

புது ஹாலில் முதல் பாட்டுக்கு முன் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்தது. விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தன. நீ தலையசைத்தாய். முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் சுரம் மட்டும் எங்கோ அடியில் உறுமியது. பிறகு நீ வந்தாய். விரல் வழியாக வந்தாய். நீ அவசரப்படுவது, மூச்சு விடுவது, அந்த மூன்றாவது பாட்டில் வேண்டுமென்றே என்னைக் காக்கவைத்தது எல்லாம் வந்தது. மேல் சுரம் ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உன் விரல் போகிற இடத்தைப் பார்த்தால் அது எனக்குத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் கேட்கிறேனா நினைக்கிறேனா என்று பிரிக்கவே முடியவில்லை. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இரண்டு இடத்தில் தவறினேன். நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. உன் வாய்க்கு அது பெரிய விரதம்.

முடிந்ததும் சவுண்ட்காரர் ஸ்பானரோடு ஓடி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? “என்னங்க இப்படி ஆடுது, இறுக்கி விட்டுடறேன்” என்று அவர் குனிந்ததும் நான் வேண்டாம் என்று கத்தினேன். நீயும் அதே நொடியில் கத்தினாய் என்று மாமா சொன்னார். மனிதர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார்.

வேலையை விடுவதாக இங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் வந்துவிடுவேன். பெட்டி வைக்க இடம் ஒதுக்கு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். கீழ்ச் சுரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் சொன்னார். எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் நினைத்து நினைத்து இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். இப்போதும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படி ஒரு நாள் வந்தால் நான் வாசிக்கமாட்டேன். கீழ்த் தட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். நீ வாசித்துக்கொண்டிரு.

உன் நெட்டை